மணலில் எழுதிய நாலு பெடியளும் ஒரு ஸ்மார்ட் போட்டும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். இதை வாசிக்கிற பாதிப்பேர் எப்படியும் தங்கட பாடசாலையைத்தான் சொல்கிறோம் என்று நினைக்கப் போகிறீர்கள். அங்கே ஒரு வகுப்பறையின் முன்சுவரில் ஸ்மார்ட் போட் ஒன்று பூட்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும். நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், படம் முகநூலில் வந்தது. அதற்குப் பிறகு அதைப் பூப்போட்ட பெட்சீற் ஒன்றால் மூடிவிட்டார்கள். அறைத் திறப்பு அதிபரின் அலுமாரிக்குள் இருக்கும்.

நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆறு பேர். போன வருடம் கொஞ்சக் காலம் சனிக்கிழமைகளில் அந்தப் பாடசாலைக்குப் போய் ஓ/எல் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தோம். பெட்சீற்றைக் கண்டதும் எங்களுக்கு ஒரு வீராப்பு வந்தது. இவ்வளவு நல்ல சாமானைச் சும்மா கிடக்க விடலாமோ? ஒரு கிழமை நித்திரை முழித்து, கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் பற்றி 46 சிலைட் செய்தோம். எழுத்துகள் சுழன்று வரும், படங்கள் பறந்து வரும், சரியான விடையைத் தொட்டால் கைதட்டல் சத்தம் கேட்கும்.

அந்தப் பாடம் எப்படிப் போனது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். யன்னலுக்குச் சீலை இல்லை, பத்து மணி வெயில் நேரே போட்டில் விழுந்தது. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மெதுவாக, "அக்கா, எங்களுக்கு ஒண்டும் தெரியேல்ல" என்றாள். ஒரு பெடியன் வந்து தொட்டான், கோடு ஒரு சாண் தள்ளி விழுந்தது. பிறகு இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் கையை வைத்தார்கள். கோடு இரண்டு பேரின் கையிலும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ விழுந்தது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கடைசியில் "இண்டைக்கு என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்டோம். முன்வாங்குப் பெடியன் ஒருவன் கையைத் தட்டிக் காட்டினான். அந்தச் சத்தம் மட்டும்தான் அவனுக்கு மிஞ்சியிருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் எங்களுக்குள் ஒரு கேள்வி கிளம்பியது. அந்தக் கோடு ஏன் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது? அதைத் தேடப் போய்த்தான் வகுப்பறைச் சுவரில் இருக்கிற பலகையின் வரலாற்றுக்குள் நுழைந்தோம். நுழைந்த இடம் ஒரு கோயில் திண்ணை.

1623ஆம் ஆண்டு. பியேத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி இன்றைய கர்நாடகப் பகுதியில் இக்கேரிக்குப் போகிற வழியில் ஒரு கோயில் முகப்பில் தங்குகிறார். அங்கே நாலு பெடியள் கணக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நிலத்தில் மெல்லிய மணல் பரப்பியிருக்கிறது. ஒருவன் பாடத்தின் ஒரு வரியை ராகமாக இழுத்துப் பாடிக்கொண்டே விரலால் மணலில் எழுதுகிறான். மற்ற மூன்று பேரும் அதையே பாடி, அதையே எழுதுகிறார்கள். நிலம் நிரம்பினதும் கையால் தடவி அழித்துவிட்டுப் புது மணல் தூவி அடுத்த வரிக்குப் போகிறார்கள். பக்கத்தில் வாத்தியார் இல்லை. தெல்லா வாலேக்கு இது புதினமாக இருந்திருக்கிறது. பிழை விட்டால் யார் திருத்துவது என்று கேட்கிறார். நாங்கள் ஆளுக்காள் சொல்லிக் கொடுப்போம், நாலு பேரும் ஒரே இடத்தில் ஒன்றாகப் பிழை விடுவது நடக்காத காரியம் என்கிறார்கள் அவர்கள்.

இந்தப் பதிலை வாசித்த அன்று நாங்கள் கன்ரீனில் கனநேரம் இதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். எழுதலாம், அழிக்கலாம், நாலு பேர் ஒரே நேரத்தில் கை வைக்கலாம், சத்தமும் இருக்கிறது. இன்றைக்கு விளம்பரத்தில் ஊடாடும் பலகை என்று எதைச் சொல்கிறார்களோ, அதில் முக்கால்வாசி அந்தத் திண்ணையில் கிடந்திருக்கிறது. மணலால் செய்ய முடியாமல் இருந்தது ஒன்றுதான், அது எதையும் ஞாபகம் வைத்திருக்காது. அதற்கு எங்களிடம் வேறு பொருள் இருந்தது, ஓலை. எழுத்தாணியால் ஒருமுறை கீறினால் கீறினதுதான், அழிக்கிற கதை இல்லை. ஆகவே பழகுவதற்கு மணல், வைத்திருப்பதற்கு ஓலை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது ஐயர் எங்கட சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவித்தாரே, பெயர் என்னவோ ஏடு தொடக்கல்தான், ஆனால் விரல் போனது அரிசிக்குள்ளே.

இந்த மணல் பிறகு ஒரு பெரிய பயணம் போனது. ஸ்கொட்லாந்துக்காரரான அன்ட்ரூ பெல் 1787இல் மதராசுக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த படைவீரர் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளரானார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது வழியில் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடம். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரையும் அந்தப் பெயரால்தான் எழுதினார்கள், இலங்கையிலும் அப்படித்தான். அங்கே சிறுபிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதை பெல் கண்டார். தன் பள்ளியிலும் இதைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்மாருக்கு இது பிடிக்கவில்லை, சரிவராது என்றார்கள். பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜோன் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பெடியனைப் பிடித்துச் சின்னவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க விட்டார். அது வேலை செய்தது.

1797இல் பெல் இதை லண்டனில் ஒரு சிறு புத்தகமாகப் போட்டார். கொஞ்சக் காலத்தில் 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே மாதிரியான முறை ஒன்றை நடத்தினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு பேரின் ஆதரவாளர்களுக்கும் இடையில் பெரிய சண்டை. எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்பது காலங்காலமாக நடந்த விசயம். (எங்கட ஊரில் சட்டம்பியார் என்றால் வாத்தியார்தான். சொல் எப்படியெல்லாம் பதவி உயர்ந்திருக்கிறது பாருங்கள்.) பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்ரர் அபேயில் அடக்கம் செய்தார்கள். எழும்பூருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை மணலில் இருத்தி வைத்திருந்த அந்த வாத்தியாருக்கு எங்கேயும் கல்வெட்டு இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேணும். இங்கிலாந்துக்குப் போன மணல் அதே மணல் இல்லை. லங்காஸ்டர் பள்ளிகளில் ஒரு மண்டபத்துக்குள் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் வரிசையாக இருப்பார்கள். முன்வரிசையில் சின்னவர்கள், அவர்களுக்கு முன்னால் மணல் பரப்பிய மேசை. கட்டளை வந்தால் எழுத வேணும், அடுத்த கட்டளைக்கு அழிக்க வேணும். ஒரு வாத்தியாரின் சம்பளத்தில் முன்னூறு பேரைப் படிப்பிக்கலாம் என்பதுதான் அந்த முறைக்குப் பணக்காரர்கள் காசு கொடுத்த காரணம். திண்ணையில் இருந்த நாலு பேரும் ஆளுக்காள் திருத்தினார்கள். இங்கே மேலே இருந்து கீழே கட்டளை மட்டும் வந்தது. பொருள் ஒன்றாக இருந்தும் பாடம் வேறாகிவிட்டது. சனிக்கிழமை எங்களுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று இப்போது விளங்குகிறது. 46 சிலைட்டும் எங்கட கட்டளைகள்.

கரும்பலகையின் கதையும் இதே வட்டத்துக்குள்தான் வருகிறது. எடின்பரோ உயர்பள்ளியின் தலைமையாசிரியர் ஜேம்ஸ் பில்லன்ஸ், தன் பெரிய வகுப்பை நடத்த இதே சட்டாம்பிள்ளை முறையைக் கையாண்டவர். பதவியில் இருந்தது 1810 முதல் 1820 வரை. புவியியல் பாடத்துக்கு அவர் ஒரு பெரிய கரும்பலகையில் வர்ண வெண்கட்டிகளால் ஆறு, மலை என்று நாட்டின் எலும்புக்கூட்டை மட்டும் கீறுவார். பெயர்களைப் பிள்ளைகள் சொல்ல வேணும். கரும்பலகையைக் கண்டுபிடித்தவர் என்று பல புத்தகங்களில் இவருடைய பெயர்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் ஜோர்ஜ் பரன் என்ற கணித ஆசிரியர் 1801இலேயே பெரிய கரும்பலகை பாவித்திருக்கிறார். ஒருவர் கண்டுபிடித்ததாகச் சொல்வதை விட, வகுப்புகள் பெருத்தபோது பல இடங்களில் சிலேட்டைப் பெருப்பித்துச் சுவரில் ஏற்றினார்கள் என்று சொல்வதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. சிலேட்டை மடியில் வைத்திருந்தால் எழுதினது எழுதினவனுக்கு மட்டும் தெரியும். சுவரில் ஏறினதும் நாற்பது பேர் பார்க்கிறார்கள்.

அந்தப் பார்வை என்ன செய்யும் என்பதற்கு 1830இல் அமெரிக்காவின் யேல் கல்லூரியில் நடந்த கலகத்தைச் சொல்ல வேணும். எங்களுக்கு மிகவும் பிடித்த கதை. அதுவரை கூம்பு வெட்டுகள் என்ற கணிதப் பாடத்தில் வாய்மொழிச் சோதனை வரும்போது மாணவர்கள் புத்தகத்தில் உள்ள வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம். கல்லூரிக்குக் கரும்பலகை வந்ததும் விதி மாறியது. எழும்பி வா, படத்தை நீயே மனத்தில் இருந்து பலகையில் கீறு, கீறிவிட்டு விளக்கு. மாணவர்கள் மாட்டோம் என்றார்கள். கல்லூரியும் விடவில்லை. 96 பேர் கொண்ட வகுப்பில் 43 பேரை வெளியே போட்டது. அதோடு நிற்காமல், இவர்களை எடுக்க வேண்டாம் என்று மற்றக் கல்லூரிகளுக்கும் எழுதியது.

படிக்காமல் இருக்க வழி தேடின பணக்காரப் பெடியள் என்று இதை ஒதுக்கலாம். எங்களில் இரண்டு பேர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கேளுங்கள், கணித பாடத்தில் "இஞ்ச வந்து செய்" என்று கூப்பிட்டதும் வயிறு கலங்காத ஆள் எங்களுக்குள் யார்? ரியூட்டறியில் இருநூறு பேருக்கு முன்னால் பிழையாக எழுதிவிட்டு, பிறகு அந்தப் பாடத்தையே வெறுத்த ஆக்களை எங்களுக்குத் தெரியும். பலகைக்கு எழும்பி வருவதை ஊடாட்டம் என்று இன்றைக்கு அழகாகச் சொல்கிறோம். அது ஒரு தண்டனையாகவும் இருந்திருக்கிறது.

எங்கட பக்கத்தில் கரும்பலகைக்கு வேறொரு வரலாறும் உண்டு. இடப்பெயர்வுக் காலத்தில் மரத்துக்குக் கீழே பலகையைச் சாய்த்து வைத்துப் படித்த கதை எங்கட அம்மா அப்பாமாரின் வயதுக்காரர் எல்லாரிடமும் இருக்கும். பலகை வெளிறிப் போனால் பழைய பற்றரிக்குள் இருக்கும் கரியை எடுத்து, இலைச்சாறு விட்டு அரைத்துப் பூசினதாக எங்களில் ஒருவரின் அப்பா சொன்னார். அப்போது பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருள்களுக்குள் இருந்தது. ஆகவே பலகையைக் கறுப்பாக வைத்திருக்கக் கரி கிடைத்ததும் ஒரு அதிர்ஷ்டம்தான். இது பெரிய தியாகக் கதை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரு பலகையைத் திருத்திப் பூசி வைத்திருக்கத் தெரிந்த ஆள் அந்த ஊரிலேயே இருந்தார். எங்கட ஸ்மார்ட் போட்டுக்கு ஒரு கேபிள் பழுதானால் கொழும்பில் இருந்து ஆள் வர வேணும்.

சரி, அந்த நடுக்கோட்டுக்கு வருவோம்.

ஸ்மார்ட் போட்டின் பிறப்பிடம் வகுப்பறை இல்லை, அலுவலகம். கலிபோர்னியாவில் ஜெரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் மார்க் வைசர் என்ற விஞ்ஞானி, கணினிகள் ஒருநாள் எங்களைச் சுற்றியுள்ள பொருட்களுக்குள் கரைந்து போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். 1991இல் அவர் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் மூன்று அளவுக் கருவிகள் வரும். உள்ளங்கைக்குள் ஒன்று, புத்தக அளவில் ஒன்று, சுவர்ப் பலகை அளவில் ஒன்று. அந்தப் பலகையை 'லைவ்போட்' என்ற பெயரில் அங்கே செய்து, கூட்டங்களில் பாவித்தும் பார்த்தார்கள். அதே 1991இல் கனடாவின் கல்கரி நகரில் டேவிட் மார்ட்டின், நான்சி நோல்ட்டன் என்ற தம்பதியரின் ஸ்மார்ட் நிறுவனம் தன் முதல் பலகையை வெளியிட்டது. நாங்கள் எல்லாப் பலகையையும் ஸ்மார்ட் போட் என்று கூப்பிடுவது அந்த நிறுவனத்தின் பெயரால்தான். போட்டோக்கொப்பிக்கு ஜெரொக்ஸ் என்று சொல்கிற மாதிரி.

எங்கட பாடசாலையில் இருந்த வகைப் பலகையில் மேலே ஒரு மெல்லிய விரிப்பு, கீழே இன்னொன்று, இடையில் ஒரு சின்ன இடைவெளி. விரலால் அழுத்தினால் இரண்டும் முட்டும். முட்டின இடத்தை மின்னோட்டத்தை வைத்துக் கருவி கணக்குப் போடும். கணினிக்கு அது மவுஸ் அசைந்த மாதிரி, ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான். இரண்டு பேர் தொட்டால் அதற்கு இரண்டு பேர் என்று விளங்காது, சராசரி எடுத்து நடுவில் ஒரு புள்ளி போடும். அதுதான் அன்றைக்கு நடந்தது. கோடு தள்ளி விழுந்ததற்குக் காரணம் இன்னும் சின்னது. புரொஜெக்டரையோ பலகையையோ யாராவது தட்டி அசைத்தால் படம் விழுகிற இடமும் தொடுகிற இடமும் மாறிப்போகும். மூலைகளில் வருகிற அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி ஒத்துப்போக வைக்க வேணும். இரண்டு நிமிச வேலை. எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் எழும்பி நின்று விளக்க மற்றவர்கள் இருந்து கேட்கிற வழக்கம்தான் அந்தக் கருவிக்குள் பதிந்திருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. 1623இல் மணல் நாலு விரலைத் தாங்கியது, இது ஒன்றைத்தான் தாங்கும். பிறகு வந்த பலகைகள் பல விரல்களையும் அறியும், அது வேறு விசயம்.

இந்தக் கருவியை வகுப்பறைக்குள் மிகப் பெரிய அளவில் கொண்டுபோன நாடு பிரித்தானியா. 2000களின் முதற்பாதியில் அரசாங்கம் காசைக் கொட்டியது. 2007 அளவில் இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லாப் பாடசாலைகளிலும் ஒன்றாவது இருந்தது. என்ன பலன் என்று ஆய்வாளர்கள் வகுப்புகளுக்குள் போய் இருந்து பார்த்தார்கள். ஆரம்பப் பாடசாலைகளில் நூற்றுக்கு மேற்பட்ட பாடங்களை அவதானித்த ஒரு ஆய்வில், பாடத்தின் வேகம் கூடியிருந்தது. ஆனால் ஆசிரியர் கேட்பார், பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொல்லும், ஆசிரியர் சரி பிழை சொல்வார் என்ற பழைய அச்சு அப்படியே இருந்தது. குழுவாக வேலை செய்கிற நேரம் குறைந்தும் போனது. லண்டனில் இடைநிலைப் பாடசாலைகளைப் பார்த்த இன்னொரு ஆய்வு, முதல் வருடத்தில் பெறுபேறுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. அந்த ஆய்வில் ஒரு வரி எங்களுக்கு நேரே அடித்தது. கொஞ்சம் பின்தங்கிய வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளையாகப் பலகைக்கு வந்து தொட்டுவிட்டுப் போக, மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டி வந்து, பாடம் மெதுவாகத்தான் போனதாம். நாங்களும் ஒரு பிள்ளை தொடும்போது முப்பத்தைந்து பிள்ளைகளைச் சும்மா இருக்க வைத்தோம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பெட்சீற்றை மறுபடி மூடிவிட்டு வருவது லேசு. எங்களில் ஒருவர் அதைத்தான் சொன்னார், வெண்கட்டியே போதும் என்று. எங்களுக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கருவியைத் தோண்டிப் பார்த்த ஆக்களும் இருக்கிறார்கள். 2007இன் கடைசியில் ஜோனி லீ என்ற ஆய்வு மாணவர், வீ என்ற விளையாட்டுக் கருவியின் ரிமோட்டில் உள்ள அகச்சிவப்புக் கமெராவை எடுத்து, ஒரு சின்ன அகச்சிவப்பு விளக்குப் பேனையோடு சேர்த்து, சாதாரணச் சுவரையே ஊடாடும் பலகையாக்கிக் காட்டினார். செலவு ஏறக்குறைய 40 டொலர்தான், கணினியும் புரொஜெக்டரும் இருந்தால். அந்தக் கமெராவால் ஒரே நேரத்தில் நாலு புள்ளிகளைப் பின்தொடர முடியும். நாலு! நாங்கள் தெல்லா வாலேயின் பெடியளை நினைத்துக்கொண்டோம்.

மூன்று கிழமைக்குப் பிறகு அதே பாடத்தை மறுபடி செய்தோம். முதலில் வரலாற்று ரீச்சரின் பழைய சாறி ஒன்று யன்னலுக்குச் சீலையானது. 46 சிலைட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு பக்கம். அதில் இலங்கையின் வெளிக்கோடு மட்டும், வேறொன்றும் இல்லை. பில்லன்ஸிடம் களவெடுத்தது. பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்தோம், ஒன்பது குழு. ஒவ்வொரு குழுவுக்கும் பிளாஸ்ரிக் பைல் கவருக்குள் வைத்த ஒரு வெற்று வரைபடம், ஒரு மார்க்கர், துடைக்க ஒரு சீலைத்துண்டு. அதுதான் அவர்களுடைய மணல். கேள்வி இதுதான்: 1833இல் பிரித்தானியர் முழு இலங்கையையும் ஐந்து மாகாணமாகப் பிரித்தார்கள். எங்கே கோடு கீறியிருப்பார்கள்? புத்தகத்தைத் திறக்கக் கூடாது.

பத்து நிமிசம் வகுப்பு இரைந்தது. கீறினார்கள், அழித்தார்கள், சண்டை பிடித்தார்கள். பிறகு ஒவ்வொரு குழுவில் இருந்தும் ஒருவர் வந்து பலகையில் தங்கட நிறத்தில் கீறினார். தனியாளாக வரவில்லை, நாலு பேரின் முடிவோடு வந்தார், ஆகவே அந்த யேல் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு குழுவின் வரைபடத்தையும் தனித்தனிப் பக்கமாகச் சேமித்தோம். அதற்குப் பிறகுதான் 1833இன் உண்மையான கோடுகளை ஒரு பக்கமாகக் கொண்டுவந்து அவர்களுடைய கோடுகளுக்கு மேல் வைத்தோம். இதைக் கரும்பலகையிலும் செய்ய முடியாது, மணலிலும் முடியாது. உன்னுடைய ஊகமும் நடந்ததும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தெரியும். இந்த ஒரு விசயத்துக்காகவே அந்தப் பெட்டி பெறுமதி.

வகுப்பு அமைதியானது. ஏனென்றால் ஒன்பது குழுவும் வட மாகாணத்தின் கோட்டை வவுனியாவுக்குக் கீழே கீறி நிறுத்தியிருந்தது. 1833இன் கோடு அதைத் தாண்டிக் கீழே போனது. நுவரகலாவிய, அதாவது அநுராதபுரப் பக்கம், அன்றைய வட மாகாணத்துக்குள். தமன்கடுவ, பொலன்னறுவைப் பக்கம், கிழக்குக்குள். குருநாகல் மேற்கோடு.

"அப்ப அநுராதபுரம் எங்கட இடமா அண்ணா?" என்று ஒரு பெடியன் எழும்பினான்.

எங்களுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், ஆனால் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதில் சொன்னது நாங்கள் இல்லை. முதல் சனிக்கிழமை ஒண்டும் தெரியேல்ல என்று சொன்னாளே, அதே பிள்ளை இருந்தபடியே, "வெள்ளைக்காரன் தனக்கு வசதியாக் கீறினதுதானே, அதில எங்கட உங்கட எண்டு என்ன இருக்கு?" என்றாள். அங்கே பிடித்துக்கொண்டோம். ஏன் அவனுக்கு அது வசதி? கண்டி இராச்சியத்தின் பழைய நிலங்களைத் தனியாக விடாமல் உடைத்துக் கரையோர மாகாணங்களோடு ஒட்டிவிட்டால் கண்டி என்ற எண்ணம் மெலியும் என்று பார்த்தார்கள். கோல்புறூக் சொன்ன ஒரே நிர்வாகத்துக்கும் அது பொருந்தியது. பிறகு என்ன நடந்தது? 1845இல் வடமேல் மாகாணம். 1873இல் ஆளுநர் கிரெகரியின் காலத்தில் வடமத்திய மாகாணம், அப்போதுதான் அநுராதபுரம் வடக்கில் இருந்து பிரிந்தது. நாற்பது வருடம்! ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு குழு வந்து சேர்த்தது. எங்கட வாழ்க்கையில் எல்லை என்ற சொல்லுக்கு எவ்வளவு பாரம் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கோட்டை ஒருவன் கீறினான், இன்னொருவன் வந்து மாற்றினான் என்பதைப் பதினைந்து வயதில் தங்கட கையால் கீறிப் பார்க்கிறது, பாடப்புத்தகத்தில் நாலு வரி வாசிக்கிற மாதிரி இல்லை.

1886, ஊவா மாகாணம். ஒரு குழு பலகைக்கு வந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது.

நாங்கள் தலையில் கை வைத்தோம். பிள்ளைகள் வைக்கவில்லை. வந்துகொண்டிருந்த பெடியன் நிற்காமல் பக்கச்சுவரில் இருந்த கரும்பலகைக்குப் போனான். வெண்கட்டியால் முழு இலங்கையையும் ஒரு மாதிரிக் கோணல்மாணலாகக் கீறி, ஊவாவைக் கீறினான். இன்னொருத்தி போய் 1889இன் சப்ரகமுவவைக் கீறினாள். கரும்பலகையில் ஒரே நேரத்தில் மூன்று நாலு பேர் நின்றார்கள். யாழ்ப்பாணம் கொஞ்சம் பெருத்துப் போயிருந்தது.

கரண்ட் வந்த பிறகு பார்த்தால், சேமித்த பக்கங்களில் பாதி இல்லை. கணினி திடீரென்று நின்றதில் கடைசியாகச் செய்தவை எல்லாம் போயிருந்தன. ஒன்பது குழுவின் ஊகங்களில் நாலுதான் மிஞ்சின.

அடுத்த புதன்கிழமை வரலாற்று ரீச்சர் எங்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கரும்பலகை. அந்தக் கோணல் இலங்கை அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றிக் கட்டம் கட்டி, கீழே யாரோ பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: அழிக்க வேண்டாம் – தரம் 11. கணித சேர் மிச்சமிருந்த சின்ன இடத்துக்குள் இருபடிச் சமன்பாடு செய்திருந்தார்.